ஊரடங்கிலும் அடுப்பு எரிய
இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்டமும் கூட்டுத்தோட்டமும்

கடையில் உணவு இருக்கும்வரை அது நம் வீட்டிலும் இருப்பதாகவே எண்ணி வாழ்ந்து பழகிவிட்டோம். கடை பூட்டப்பட்டு, வீதி மறிக்கப்பட்டு, கூலி வேலையும் நின்றுபோகும் நாளில்தான் வீட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது தெரியவருகிறது. கொவிட்–19 பெருந்தொற்றுக் காலம் இதனை எல்லோருக்கும் உணர்த்தியது. வீடு, வயல், கிணறு என்பவற்றை விட்டு வந்து, வேறொருவர் வளவிலோ உறவினர் வீட்டிலோ குடியிருக்கும் குடும்பங்களுக்கு அது மற்றவர்களைவிடக் கடுமையாக உணர்த்தியது.

அந்தக் காலத்தில் என்ன நடந்தது, அதிலிருந்து எதனைக் கற்கலாம், சொந்தக் காணி இல்லாத ஒரு குடும்பம் தன் சமையலுக்கு வேண்டியதில் ஒரு பங்கையேனும் எவ்வாறு தானே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2020இல் நடந்தது

2020 மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்–19 நோயை உலகளாவிய பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடையிடையே சில மணி நேரம் தளர்த்தப்பட்டதைத் தவிர, வாரக்கணக்கில் மக்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. மலைநாட்டில் மரக்கறிகள் விற்க வழியின்றி அழுகிய அதே நாட்களில் வேறு இடங்களில் அவற்றுக்குத் தட்டுப்பாடு நிலவியது. ஆக, நாட்டில் உணவு இருந்தும் அது தேவைப்பட்டவர் கைக்கு வந்து சேரவில்லை.

மட்டக்களப்பில் அது பெரும்போக அறுவடை முடியும் காலம். வயல் வைத்திருந்தவர் வீட்டில் நெல் மூடைகள் இருந்தன. ஆனால் அறுவடை முடிந்ததால் வயலில் கூலி வேலை குறைந்திருந்தது. மேசன் வேலை, கடைச் சிப்பந்தி வேலை போன்ற நாட்கூலித் தொழில்களும் நின்றன. எனவே வயலுமில்லாமல், கூலியுமில்லாமல் இருந்த குடும்பங்களே முதலில் தவித்தன. 2020 ஏப்ரல், மே மாதங்களில் அரசாங்கம் வருமானமிழந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுப்பனவு வழங்கியது. பல பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எத்தனை நாளைக்குப் போதும் என்பதை வாசகர்கள் அறிவர். அதே ஆண்டு ஒக்டோபரில் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் தொற்று பரவியபோது, மீன் வாங்கவே மக்கள் அஞ்சினர். வாவியையும் கடலையும் நம்பியிருந்தவர்களின் வருமானம் அதனால் வீழ்ந்தது.

இது ஒரு முறை மாத்திரம் வந்துபோன துன்பமன்று. இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா வீழ்ந்தபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்று, இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டுப் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மரவள்ளியே பல வீடுகளுக்குக் கைகொடுத்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி நமது தென்னைகளை முறித்தெறிந்தது. 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமி, 2006–2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் ஏற்பட்ட இடப்பெயர்வு, 2011 சனவரி வெள்ளம் என்பன அதன் பின் வந்தவை. பெருந்தொற்று ஓயுமுன்பே, 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்தடை அவ்வாண்டு நவம்பரில் கைவிடப்பட்டபோதிலும், அதற்குள் விளைச்சல் வீழ்ந்திருந்தது. 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது.

காரணங்கள் வெவ்வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து வரும் உணவு நின்றது. கையில் வரும் காசும் நின்றது. இரண்டும் ஒன்றாக நிற்கும் நாட்களுக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பதே வீட்டு உணவுப் பாதுகாப்பு.

உணவுப் பாதுகாப்பு என்றால் என்ன?

1996இல் உரோமாபுரியில் நடந்த உலக உணவு மாநாட்டில் இதற்கு ஒரு விளக்கம் தரப்பட்டது. அதனை நமது வீட்டுக்கு ஏற்ப நான்கு கேள்விகளாகக் கேட்கலாம். உணவு நாம் வாழும் இடத்தில் இருக்கிறதா? இருந்தால் அதனைப் பெற நமக்கு வழி உண்டா? பெற்றதை உடல் பயன்படுத்தத்தக்கவாறு, சத்துள்ளதாகவும் சுத்தமானதாகவும் உண்கிறோமா? இவை மூன்றும் ஆண்டு முழுவதும் நிலைக்குமா?

நான்கில் ஒன்று தவறினாலும் வீட்டில் பசியோ நோயோ வந்துவிடும். இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். உணவு குறையும்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவாகக் குறைவதில்லை. தாய் கடைசியில் சாப்பிடுகிறாள். கறி முடிந்திருந்தால் சோற்றோடு நிறுத்திக்கொள்கிறாள். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் இவ்வாறு செய்யும்போது அடுத்த தலைமுறையும் பாதிக்கப்படுகிறது. ஆகவே தோட்டம் வைப்பது எவ்வளவு அவசியமோ, அதில் விளைந்ததை வீட்டில் எவ்வாறு பகிர்கிறோம் என்பதும் அவ்வளவு அவசியம்.

“நம்மட வளவா இது?”

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் தோட்டத்தைப் பற்றிப் பேசினால் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். “நம்மட வளவா இது, மரம் வைக்கிறதுக்கு? நாளைக்கு எழும்பச் சொன்னா என்ன செய்யிற?” இது நியாயமான கேள்வி. வியர்வை சிந்தி வளர்த்ததை விட்டுவிட்டுப் போன அனுபவம் உள்ளவர்கள் மீண்டும் மண்ணில் கை வைக்கத் தயங்குவது இயல்பே. இங்கே பயிர் வைத்தால் ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு.

இங்கே இரண்டு பாத்தி கீரை போடுவதால் ஊரிலுள்ள காணியின் உறுதியோ அனுமதிப்பத்திரமோ செல்லாமற் போவதில்லை. அப்பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருப்பதும், பிரதியெடுத்து நம்பிக்கையான வேறோரிடத்தில் ஒப்படைப்பதும் வேறு வேலை. பயிர் வைப்பது வேறு வேலை. இரண்டையும் செய்ய வேண்டும்.

காணிச் சொந்தக்காரருக்கும் ஓர் அச்சம் உண்டு. நெடுங்காலப் பயிர் வைத்தவர் பின்னர் காணிக்கே உரிமை கோரிவிடுவாரோ என்பது அது. ஆகவே எதனையும் வாய்ப்பேச்சோடு விடாமல், ஒரு தாளில் எழுதி, கிராம உத்தியோகத்தரின் முன்னிலையில் இருவரும் ஒப்பமிடுவது நல்லது. எவ்வளவு நிலம், எவ்வளவு காலம், எந்தப் பயிர்கள், கிணற்றை யார் யார் பாவிப்பது, எழும்ப வேண்டுமானால் எத்தனை மாத அவகாசம், நிற்கும் பயிர் யாருக்கு என்பன அதில் இருக்க வேண்டும். அரச காணியாயின் பிரதேச செயலகத்தின் அனுமதியைப் பெறவேண்டும்.

நான்கு படிகளில் பயிர்கள்

எவ்வளவு காலம் இருப்போம் என்று தெரியாத இடத்தில், பயிரைக் காலத்தின்படி தெரிவு செய்ய வேண்டும்.

முதலாம் படி, ஒரு மாதத்துக்குள் உணவாகுபவை. முளைக்கீரை 21 முதல் 30 நாட்களில் பிடுங்கலாம். கங்குன் கீரையை ஏறத்தாழ ஒரு மாதத்தில் அறுக்கலாம். அடிக்கட்டையை விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். பொன்னாங்காணி, வல்லாரை, பசளி என்பவற்றைத் தண்டிலிருந்தோ வேரோடிய கொடியிலிருந்தோ நட்டுக்கொள்ளலாம். அவற்றுக்கு விதைச் செலவே இல்லை.

இரண்டாம் படி, இரண்டு மூன்று மாதங்களில் பலன் தருபவை. வெண்டி ஏறத்தாழ 50 நாட்களிலும் பயற்றை 50 முதல் 60 நாட்களிலும் காய்க்கத் தொடங்கும். பயறும் கௌபியும் 60 முதல் 75 நாட்களில் விளையும். கத்தரி, மிளகாய் என்பன சற்றுப் பிந்தினாலும் பல மாதங்கள் தொடர்ந்து காய்க்கும். பூசணியும் கச்சானும் மூன்று மாதங்களுக்குச் சற்று மேல் எடுக்கும். மீன் கிடைக்காத நாட்களில் பயறும் கௌபியும் கச்சானும் உடலை வளர்க்கும் புரதத்தைத் தரும்.

மூன்றாம் படி, நிலத்துக்குள் சேமிக்கப்படுபவை. வற்றாளைக் கிழங்கு மூன்று நான்கு மாதங்களில் வரும். அதன் இலையையும் சுண்டலாக்கலாம். மரவள்ளி ஆறு முதல் பத்து மாதங்களில் வரும். அடிக்கு மூன்றடி இடைவெளியில் 20 தடிகள் நட்டால், மணல் நிலத்திலும் ஓர் அடிக்கு இரண்டு கிலோ என்று குறைத்துக் கணித்து, 40 கிலோ கிழங்கு எதிர்பார்க்கலாம். தேவைப்படும்போது ஓரடியைக் கிண்டி எடுத்து, மீதியை மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கலாம். ஆயினும் நீர் தேங்கினால் மரவள்ளி சில நாட்களிலேயே அழுகிவிடும். வெள்ளம் நிற்கும் இடமாயின் மேட்டு வரம்பில் நடுங்கள். கிழங்கைத் தோலுரித்து, கிண்டிய ஓரிரு நாட்களுக்குள், மூடாத பானையில் நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டு உண்ண வேண்டும். கிழங்கிலுள்ள நச்சு அவ்வாறுதான் நீங்கும். கசக்கும் கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நான்காம் படி, ஆண்டுக்கணக்கில் பலன் தரும் மரங்கள். முருங்கைத் தடி நட்ட சில மாதங்களில் இலை தரும். பப்பாசி எட்டு ஒன்பது மாதங்களிலும் வாழை ஓராண்டளவிலும் பலன் தரும். தேசிக்காயும் கறிவேப்பிலையும் பிந்தியே வரும். சொந்தக்காரர் இணங்கினால் இவற்றை நிலத்தில் நடலாம். இணங்காவிட்டால் கறிவேப்பிலை, தேசி, மாதுளைக் கன்றுகளை உரப்பையில் அல்லது பழைய வாளியில் வளர்த்து வையுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் அவை உங்களோடு வரும்.

படுவான்கரையின் எல்லைக் கிராமங்களில் யானைத் தொல்லை உண்டு. வாழை, மரவள்ளி, சோளன் என்பன யானையை வீட்டு வாசலுக்கே அழைத்துவிடும். அங்கே வீட்டை அண்டிக் கீரை, கத்தரி, மிளகாய், மஞ்சள், தேசி என்பவற்றோடு நிற்பதே பாதுகாப்பு. மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை: 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தேவையும் கூடியபோது ஒரு கிலோ மஞ்சள் சில ஆயிரம் ரூபாவுக்கு விற்றது. மரநிழலில் நாலைந்து அடி மஞ்சள் வைத்திருந்த வீட்டுக்கு அவ்விலை ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

மண்ணும் நீரும்

2020இலும், பின்னர் 2022இலும் வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசாங்கம் நாடெங்கும் ஊக்குவித்தது. 2022இல் அரச ஊழியர்களுக்கு இதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறையும் கொடுக்கப்பட்டது. ஆனால் மார்ச் முதல் செப்டெம்பர் வரை நமது பகுதியில் கோடை. நமக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையே கிடைக்கிறது. தென்மேற்கில் மழை பெய்யும் காலத்தில் இங்கே கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சிச் செல்லும். ஆகவே நமது தோட்டத்தின் கணக்கை நீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

கோடையில் ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் நீர் வேண்டும். 10 சதுர மீற்றருக்கு 50 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியில் ஐந்து வாளி. முளைக்கீரை ஒரு சதுர மீற்றரில் ஒரு முறைக்கு ஒரு கிலோ அளவில் கிடைக்கும். பத்துச் சதுர மீற்றரை நான்கு துண்டுகளாகப் பிரித்து, வாரம் ஒரு துண்டு விதைத்தால், மாதம் 10 கிலோ, நாளுக்கு 300 கிராமுக்குச் சற்று மேல் கீரை வரும். ஐந்து பேருக்கு ஒரு சுண்டலுக்கு அது போதும். பழமும் மரக்கறியுமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் வேண்டும் என்று சுகாதார நிபுணர்கள் கூறுகின்றனர். ஐந்து பேருக்கு அது 2 கிலோ. ஆகவே ஐந்து வாளி நீர் முழுத் தேவையையும் தீர்க்காது. ஆனால் வெறுஞ்சோறு என்ற நிலையைத் தவிர்க்கும். அரிசி, மீன் கழுவிய நீரைப் பாத்திக்கு ஊற்றலாம். சவர்க்கார நீரை வாழைக்கும் மரங்களுக்கும் மாத்திரம் விடுங்கள்.

எழுவான்கரையின் மணல், நீரையும் பசளையையும் தாங்கி வைத்திருக்காது. பாத்தியின் அடியில் ஒரு முழ ஆழத்தில் பொச்சுமட்டையை உட்புறம் மேல்நோக்க அடுக்கி, அதன்மேல் சருகு, கூட்டெரு, மண் என்று நிரப்பினால் ஈரம் பல நாட்கள் நிற்கும். கோடையில் பாத்தியை நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்த்தியும், மாரியில் ஒரு சாண் உயர்த்தியும் அமைக்க வேண்டும். வைக்கோலாலோ சருகாலோ மண்ணை மூடிவையுங்கள்.

கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணற் பகுதியில் நன்னீர், உவர் நீரின்மேல் மிதக்கும் ஒரு படையாகவே இருக்கிறது. கிணற்றை இயந்திரமிட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். சுனாமிக்குப் பின் உப்பேறிய கிணறுகளை மிகையாக இறைத்த இடங்களில் இதனைக் கண்டோம். பெருமழைதான் அவற்றை மீட்டது. வாளியால் அள்ளி ஊற்றுவது சிரமமானாலும், கரையோரக் கிணற்றுக்கு அதுவே உகந்தது.

பசளைக்குக் காசு தேவையில்லை. மாட்டெரு, கிளிசரியா இலை, சமையற்கழிவு, சருகு, சாம்பல் என்பவற்றைப் படைபடையாகப் போட்டு, ஈரம் காத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புரட்டினால் மூன்று மாதங்களில் கூட்டெரு கிடைக்கும். நன்னீர்க் குளங்களில் மண்டிக்கிடக்கும் ஆற்றுவாழையையும் வெட்டி வாடவிட்டு இதில் சேர்க்கலாம். 2021இல் பசளைத் தடை வந்தபோது, முன்பே எருக்கிடங்கு வைத்திருந்த தோட்டங்கள் தடுமாற வேண்டியிருக்கவில்லை. பூச்சிக்கு, 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள்.

தனியே முடியாதது கூடினால் முடியும்

ஒரு குடும்பத்துக்குக் கிணறு இருக்கும், ஆளிருக்காது. இன்னொன்றுக்கு ஆளிருக்கும், நிலமிருக்காது. கைக்குழந்தையுள்ள தாய்க்கும் கணவனை இழந்தவருக்கும் முதியவருக்கும் தனித்து வேலி கட்ட இயலாது. கட்டாக்காலி மாடுகள் திரியும் ஊரில் வேலியில்லாத தோட்டம் ஓரிரவில் முடிந்துவிடும். பத்து வீட்டுக்குப் பத்து வேலி கட்டுவதைவிட, பத்து வீடும் சேர்ந்து ஒரு வேலி கட்டுவது எளிது.

காணியில்லாதவர்கள் கூடிப் பயிர் செய்வதற்குப் பக்கத்து நாட்டில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் அமைப்பில், சிறு குழுக்களாகச் சேர்ந்த பெண்கள் தரிசு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் மரக்கறியும் செய்கின்றனர். 2020இல் அங்கும் ஊரடங்கு வந்தபோது உள்ளூராட்சி மன்றங்களோடு சேர்ந்து ஊர்தோறும் சமூகச் சமையலறைகளை நடத்தியதும் அப்பெண்கள்தாம். ஏற்கெனவே கூடி வேலை செய்து பழகியிருந்ததனாலேயே ஆபத்து வந்த வாரத்திலேயே அவர்களால் செயற்பட முடிந்தது.

நமது ஊர்களில் கோயில், ஆலயம், பாடசாலை, பாலர் பாடசாலை, பொதுக் கட்டடம் என்பவற்றைச் சுற்றி வெற்றுநிலம் கிடக்கிறது. பொறுப்பானவர்களிடம் எழுத்தில் அனுமதி பெற்று எட்டு முதல் பன்னிரண்டு குடும்பங்கள் தொடங்கலாம். கூட்டுத்தோட்டங்கள் பெரும்பாலும் பூச்சியால் அழிவதில்லை, பேச்சுவார்த்தையில்லாமையால் அழிகின்றன. ஆகவே முதல் விதை போடுமுன் பின்வருவனவற்றைத் தீர்மானியுங்கள்.

1. கீரையும் மரக்கறியும் குடும்பத்துக்கொரு பாத்தியாக இருக்கட்டும். வேலி, கிணறு, எருக்கிடங்கு, நாற்றுமேடை, மரவள்ளி என்பன பொதுவாக இருக்கட்டும்.

2. நீர் இறைக்கும் முறை நாளும் நேரமும் குறித்து எழுதி ஒட்டப்பட வேண்டும்.

3. வேலைக்கு வர இயலாத நோயாளி, கர்ப்பிணி, முதியவர் ஆகியோரின் பாத்திக்கு மற்றவர்கள் முறைவைத்து நீர் விட வேண்டும். இது தருமமன்று, உடன்படிக்கை. நாளை அதே உதவி நமக்கும் வரும்.

4. விளைச்சலில் முதற்பங்கு வீட்டுச் சமையலுக்கு. மிஞ்சியதே சந்தைக்கு. கடனுக்காகக் கீரையை விற்றுவிட்டுப் பிள்ளைக்குச் சத்துமா வாங்கும் நிலை வரக்கூடாது.

5. காசு வந்தால் இருவர் பொறுப்பில் கணக்கு வைத்து மாதம் ஒரு முறை எல்லோருக்கும் வாசிக்க வேண்டும்.

6. ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பினால் அதற்குரிய விதையும் தடியும் கொடுத்தனுப்பி, பாத்தியைக் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.

நோய் பரவும் காலத்தில் தோட்டம் மூடப்பட வேண்டியதில்லை. முறையை மாற்றினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் இடையில் ஒரு மீற்றருக்குக் குறையாத இடைவெளி, வாசலில் நீரும் சவர்க்காரமும், அவரவர் மண்வெட்டி அவரவர்க்கு. 2020இல் தொற்றுக்குள்ளானவரோடு பழகிய குடும்பங்கள் 14 நாட்கள் வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டபோது, அயலவர் அவர்களைக் கண்டு விலகிய சம்பவங்கள் பல ஊர்களில் நடந்தன. கூட்டுத்தோட்டம் உள்ள இடத்தில் அந்த வீட்டின் பாத்தியில் விளைந்ததைப் பறித்து வேலியோரம் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துச் செல்லலாம். உணவு சேர்வதோடு, நாம் ஒதுக்கப்படவில்லை என்ற ஆறுதலும் அவ்வீட்டுக்குச் சேரும்.

விதையும் பிடியரிசியும்

2020இல் எல்லோரும் ஒரே நேரத்தில் தோட்டம் வைக்க முனைந்தபோது விதைக்கு ஓடித்திரிய வேண்டியிருந்தது. நாட்டின் மரக்கறி விதையில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது. கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல் விளையாது. ஆகவே கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி, கீரை என்பவற்றில் உள்ளூர் இனங்களையோ விவசாயத் திணைக்களம் வெளியிட்ட கலப்பற்ற இனங்களையோ பயிரிட்டு, நோயற்ற நல்ல செடியில் இரண்டு மூன்று காய்களை முற்ற விடுங்கள். விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலோடு கலந்து, இறுக மூடிய போத்தலில் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். எழும்ப வேண்டிய நேரத்தில் தோட்டத்தைத் தூக்க முடியாது. ஒரு போத்தல் விதையைத் தூக்கலாம். விவசாயப் போதனாசிரியரையும் கமநல சேவை நிலையத்தையும் விதைக்கும் ஆலோசனைக்கும் நாடுங்கள்.

தோட்டம் சோற்றைத் தராது என்பதையும் மறவாதிருப்போம். அதற்கு நம் தாய்மார் கைக்கொண்ட பிடியரிசி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உலையில் போடுமுன் ஒரு பிடியை வேறு பானையில் இட்டால், பிடி 50 கிராம், நாளுக்கு இருமுறை என்று வைத்து, மாதத்துக்கு 3 கிலோ சேரும். பத்து வீடு சேர்ந்தால் 30 கிலோ. இதனை மாதர் சங்கத்தின் பொறுப்பில் வைத்து, மாதந்தோறும் புதிய அரிசியால் மாற்றிக்கொண்டால், அடுத்த முறை வீதி அடைபடும்போது நிவாரணம் வந்து சேரும்வரை பத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்குத் தட்டுப்பாடு இராது. நகையை அடகு வைக்கவும் வாரக் கடன் வாங்கவும் ஓடும் முதல் ஓட்டத்தை அது தடுக்கும்.

அந்நிய மண்ணில் ஒரு தோட்டம்

எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்கள், நாளையோ மறுநாளோ திரும்பிவிடுவோம் என்று காத்திருந்தார்கள். அவர்களுக்கு எரேமியா இறைவாக்கினர் எழுதிய மடல் திருவிவிலியத்தில் எரேமியா நூலின் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. அங்கேயே வீடு கட்டவும் தோட்டம் வைத்து அதன் விளைவை உண்ணவும், தாம் வாழும் அந்நிய நகரின் நலனுக்காக உழைக்கவும் அவர் அவர்களுக்குக் கூறினார். ஊரை மறந்துவிடுங்கள் என்று அவர் கூறவில்லை. திரும்பும் நாள் வரும் என்ற வாக்குறுதியும் அதே மடலில் உண்டு. காத்திருக்கும் காலத்திலும் பிள்ளைகள் வளர்கிறார்கள், அவர்களுக்கு இன்றைக்கு உணவு வேண்டும் என்பதே அதன் கருத்து.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை சில. ஆவணியில் எருக்கிடங்கைத் தொடங்குங்கள்; காணிக்காரரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். புரட்டாதியில் வேலியைச் சரிசெய்து, பொச்சுமட்டை புதைத்து, நாற்றுமேடைக்குக் கிடுகுப் பந்தல் போடுங்கள். ஐப்பசி முதல் மழையோடு மரவள்ளித் தடியையும் முருங்கையையும் மேட்டில் நடுங்கள். கார்த்திகை, மார்கழிப் பெருமழைக்குப் பாத்திகளை உயர்த்தி, வடிகால் வெட்டுங்கள். தை பிறந்ததும் மரக்கறி நாற்றுக்களை நட்டு, கோடை முற்றுமுன் விளைச்சலையும் விதையையும் எடுத்துவிடுங்கள். கோடை முழுதும் கிணற்றருகில் ஐந்து வாளிக் கீரைப் பாத்தி ஒன்றேனும் பச்சையாக இருக்கட்டும்.

இடமே இல்லை என்போர் இரண்டு உரப்பையில் மண்ணும் எருவும் நிரப்பி, ஒன்றில் மிளகாயும் மற்றதில் பசளியும் வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கொடி கொடுங்கள்.